அடையற்பாறைகளும் காலக்கணக்கும்

வரலாறு எழுதுவோனுக்கு ஏடும் கல்வெட்டும் நாணயமும் சான்றாக உதவுகின்றன. மனிதன் தோன்றுவதற்கு முன் கழிந்த நெடுங்காலத்துக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அக்காலத்தைப் பற்றி அறிய உள்ள பெருஞ்சான்று, படைபடையாக அடுக்குண்டு கிடக்கும் அடையற்பாறைகளே. வெயிலும் மழையும் பனியும் மலைகளைச் சிதைக்கின்றன. சிதைந்த துணுக்குகளை ஆறும் காற்றும் கடலலையும் சுமந்து சென்று தாழ்ந்த இடங்களில் இடுகின்றன. இட்டவை மேலுள்ள பாரத்தால் நெருக்குண்டு, நீரிற் கரைந்துவரும் சுண்ணத்தாலும் சிலிக்காவாலும் பிணைக்கப்பட்டு மீண்டும் கல்லாகின்றன. பரல் திரள்கல்லாகின்றது; மணல் மணற்கல்லாகின்றது; மண்டியும் களியும் மாக்கல்லாகின்றன.

இன்று மாணவர் ஒரு பாடவேளையிற் கற்றுவிடும் இச்செய்தியை மனிதவினம் அறிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகள் சென்றன. அம்முந்நூறு ஆண்டுகளிலும் அறிஞரைத் தொடர்ந்து வந்த வினா ஒன்று உண்டு. படையின் தடிப்பு காலத்தின் அளவாகுமா என்பதே அவ்வினா. தடித்த படை நெடுங்காலத்தின் விளைவு, மெல்லிய படை குறுங்காலத்தின் விளைவு எனக் கொள்ளுதல் எவர்க்கும் இயல்பே. அவ்வியல்பான எண்ணம் எவ்வாறு தோன்றி, எவ்வாறு வளர்ந்து, எவ்வாறு தகர்ந்தது என்பதை முறையே நோக்குதல் பயனுடைத்து.

இவ்வாய்வின் தொடக்கத்தைக் கொப்பன்ஹேகன் நகரிற் பிறந்த நிக்கொலாஸ் ஸ்ரெனோ என்னும் மருத்துவரிடம் காண்கிறோம். 1666 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை, அறுத்து ஆராய்தற்பொருட்டுப் புளோரன்ஸ் நகரிலிருந்த அவரிடம் அனுப்பப்பட்டது. அச்சுறாவின் பற்கள், மலைப்பாறைகளுட் கிடைத்த ‘நாக்குக் கற்கள்’ எனப்பட்டவற்றை முற்றும் ஒத்திருந்தன. அக்கற்கள் வானிலிருந்து வீழ்ந்தன என்றும், பாறையினுள்ளே தாமாக வளர்ந்தன என்றும் பலரும் நம்பிய காலம் அது. அவை சுறாப்பற்களே என ஸ்ரெனோ துணிந்தார். அங்ஙனமாயின், கடல்வாழ் உயிரின் பல் மலையின் கல்லுட் புகுந்தது எவ்வாறு? பல் புகுந்தபோது கல் கல்லாக இருந்திலது, நீரடியில் மென்சேறாக இருந்தது என்பதே பொருந்தும் விடை. 1669 இல் வெளியிட்ட சிறு நூலில் அவர் இவ்விடையினின்றும் சில விதிகளை வகுத்தார். ஒரு படை உண்டாகும்போது அதற்குக் கீழுள்ளது முன்னரே உறுதி பெற்றிருத்தல் வேண்டும். ஆதலின் கீழது மூத்தது, மேலது இளையது. படைகள் யாவும் முதலிற் கிடையாகவே படிந்தன. சாய்ந்தும் செங்குத்தாகவும் நிற்பவை பின்னர் அசைக்கப்பட்டவை. இடையில் தடை யாதும் இல்லாவிடின் படை பக்கவாட்டிற் பரந்து தொடரும்.

இவ்விதிகள் முறையைத் தந்தன, அளவைத் தந்தில. எது முந்தியது, எது பிந்தியது என்று கூற இயன்றதேயன்றி, எத்துணைக் காலம் சென்றது என்று கூற இயலவில்லை. விவிலியக் கணக்கின்படி உலகின் வயது ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளே எனக் கருதிய சமுதாயத்தில் அவ்வினாவை எழுப்புதலும் எளிதன்று.

அதனை எழுப்பியவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹற்றன் ஆவர். அவர் மருத்துவம் கற்றவர்; எனினும் மருத்துவத் தொழிலை விடுத்துக் கமத்தொழிலை மேற்கொண்டவர். மழை தம் வயல் மண்ணை ஆண்டுதோறும் அரித்துச் செல்வதைக் கண்டவர். நிலம் ஓயாது அரிபடுமாயின் ஒருநாள் நிலமே இல்லாதொழியுமன்றோ? அரிபட்ட மண் கடலடியிற் கல்லாகி, புவியின் அகவெப்பத்தால் உயர்த்தப்பட்டு, மீண்டும் நிலமாகின்றது என அவர் முடிவு செய்தார். பாறைகளுட் பெரும்பாலன ஆதிக்கடலொன்றிலிருந்து வீழ்படிவாக உண்டாயின என ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் வேர்ணர் கற்பித்துவந்த அக்காலத்தில், ஹற்றன் தம் கருத்தை 1785 இல் எடின்பரோ அரச கழகத்தில் எடுத்துரைத்தார்.

1788 இல் ஹற்றன், ஜோன் பிளேபெயர், சேர் ஜேம்ஸ் ஹோல் ஆகிய மூவரும் படகேறிக் கிழக்குக் கரையோரமாகச் சென்று சிக்கார் முனை என்னுமிடத்தை அடைந்தனர். ஆங்குக் கருஞ்சாம்பல் நிற மணற்கற்படைகள் புத்தகங்களை நிரையாக நிறுத்தியதுபோலச் செங்குத்தாக நின்றன. அவற்றின் தலைகளை வெட்டிச் சமனாக்கியதுபோன்ற பரப்பின்மீது, செந்நிற மணற்கற்படைகள் சிறிது சாய்ந்து கிடந்தன. செம்பாறையின் அடியிற் கீழ்ப்பாறையின் உடைந்த துண்டுகளும் காணப்பட்டன. கீழ்ப்படைகள் கடலடியிற் படிந்து, கல்லாகி, மடிந்து, உயர்ந்து, அரிப்புண்ட பின்னரே செம்மணல் படிந்திருத்தல் வேண்டும். அக்காட்சியைக் கண்டு காலத்தின் ஆழத்தை எண்ணித் தம் உள்ளம் மயங்கியதாகப் பிளேபெயர் பின்னாளில் எழுதினார். கீழ்ப்பாறை ஏறக்குறைய 43½ கோடி ஆண்டுகளுக்கு முந்தியது, மேற்பாறை ஏறக்குறைய 37 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது என இக்காலத்தார் கணித்துள்ளனர். இரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டை ஒரு கையால் மறைத்துவிடலாம். அக்கோட்டினுள் அடங்கியதோ ஆறரைக் கோடி ஆண்டுகள். இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. இச்சிக்கார் முனை பின்னரும் வேண்டப்படும்.

ஹற்றன் காட்டிய வழியை நாடு முழுவதற்கும் விரித்தவர் வில்லியம் ஸ்மித் என்னும் நில அளவையாளர். கருமான் ஒருவரின் மைந்தராகப் பிறந்து, பல்கலைக்கழகம் காணாது, வாய்க்கால் வெட்டும் பணியில் ஈடுபட்டிருந்த அவர், ஒவ்வொரு படைக்கும் உரிய உயிர்ச்சுவடுகள் உண்டு என்பதையும், அவற்றைக்கொண்டு தொலைவிலுள்ள படைகளையும் இனங்காணலாம் என்பதையும் கண்டார். 1815 இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கும் ஸ்கொத்லாந்தின் ஒரு பகுதிக்கும் அவர் வரைந்த படம் புவிச்சரிதவியலின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. அதனை வெளியிட்டவர் கடனாளியாகி 1819 இற் சிறை சென்றார் என்பதும், இலண்டன் புவிச்சரிதவியற் கழகம் 1831 இலேயே அவருக்கு உரிய விருதை அளித்தது என்பதும் கல்வியுலகம் மறத்தற்குரியனவல்ல. அக்காலத்தில் சாள்ஸ் லையல் 1830 முதல் 1833 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல், இன்று நிகழும் செயல்களே பண்டைப் பாறைகளுக்கு விளக்கம் தரும் என வலியுறுத்தியது. சிறிது சிறிதாக, இடைவிடாது, மெல்ல மெல்ல என்பதே அந்நூற்றாண்டின் மந்திரம் ஆயிற்று.

மெல்ல மெல்லப் படிந்தன என்றால், ஆண்டுக்கு எவ்வளவு படியும் என அறிந்து மொத்தத் தடிப்பை அதனாற் கணக்கிட்டால் காலம் கிடைக்குமன்றோ? இக்கணக்கை 1860 இற் செய்தவர் ஜோன் பிலிப்ஸ். அவர் வில்லியம் ஸ்மித்தின் மருகர். பெற்றோரை இழந்தபின் மாமனால் வளர்க்கப்பட்டு, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியல் கற்பித்தவர். கங்கையாறு சுமக்கும் மண்ணின் அளவைக்கொண்டு, 1,332 ஆண்டுகளுக்கு ஓரடி என்னும் வீதத்தைப் பெற்றார். படைகளின் மொத்தத் தடிப்பு 72,000 அடி எனக் கொண்டார். இரண்டையும் பெருக்க ஏறக்குறைய 9 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் வந்தன. ஆறாயிரம் ஆண்டுகளோடு ஒப்பிடின் இது பெரும்பாய்ச்சலே. எனினும், இருபதாம் நூற்றாண்டிற் கதிர்வீசும் மூலகங்களைக்கொண்டு கணித்தபோது, உயிர்ச்சுவடு மலிந்த படைகளின் காலம் மாத்திரமே 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனத் தெரியவந்தது. பெருக்கலிற் பிழையில்லை. தடிப்பைக் காலமாக மாற்றலாம் என்ற எடுகோளிலேயே பிழை இருந்தது. அப்பிழையை உணர்த்தியது படைகளைத் தொலைவினின்று அளந்த ஆய்வன்று; ஒரு மணற்பருக்கையை நெருங்கிப் பார்த்த ஆய்வேயாகும்.

மணற்பருக்கையைப் பார்த்தவர்களுள் முன்னோடி ஷெபீல்ட் நகரத்து ஹென்றி சோபி என்பவர். அவர் பிறந்தது 1826 இல். கல்லை ஓரங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு தடிப்புள்ள தகடாகத் தேய்த்து, ஒளி ஊடுருவச் செய்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். மலையை ஆராய நுணுக்குக்காட்டியா என நகைத்தோர் உளர். அவரோ தளரவில்லை. மணற்கல்லிலுள்ள ஒவ்வொரு பருக்கையின் உருவையும் நோக்கி, அது கருங்கல்லிலிருந்து உடைந்ததா, வேறு பாறையிலிருந்து வந்ததா, நெடுந்தூரம் உருண்டு தேய்ந்ததா எனப் பிரித்தறிந்தார். மணற்கல்லிற் காணும் அலைவரிகளையும் சாய்கோடுகளையும் ஓடும் நீரில் மணல் நகரும் விதத்தோடு ஒப்பிட்டு, பண்டை நீரோட்டத்தின் திசையை உரைத்தார். பாறைகளின் வரலாற்றுக்கு அளவுமுறைகளைப் பயன்படுத்துதல் பற்றிய அவரது இறுதிக் கட்டுரை, அவர் மறைந்த 1908 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

சோபி காட்டிய வழியிற் பிறர் தொடர்ந்தனர். கலிபோர்னியாவிற் பொன் தேடியோர் வலிய நீர்த்தாரையால் மலைச்சாரல்களைக் கரைத்ததனாற் பெருகிய மண்ணும் பரலும் ஆறுகளை நிரப்பி, கீழ்நிலத்துக் கமங்களைப் புதைத்தன. கமக்காரர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 1884 இல் அச்செயலைத் தடுத்தது. எனினும் ஆறுகளில் முன்னரே இறங்கிய மண் எவ்வாறு நகரும் என்பதை அறியவேண்டியிருந்தது. குரோவ் காள் கில்பேட் என்பார் பேர்க்லி நகரில் மரத்தொட்டி வாய்க்கால்களில் மணலிட்டு நீரோட்டிச் செய்த பரிசோதனைகளின் பயனை 1914 இல் வெளியிட்டார். 1922 இல் வென்வேத் துணிக்கைகளின் பருமனுக்கு ஓர் அளவுத்திட்டம் வகுத்தார். 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை பரல் முதலியன. 2 மில்லிமீற்றருக்கும் அதன் முப்பத்திரண்டிலொரு பங்குக்கும் இடைப்பட்டவை மணல். அதனினும் சிறியவை மண்டியும் களியும் ஆம். பருமன் வேறுபடப் படியும் வேகமும் வேறுபடும். மணற்பருக்கை நீரில் விரைந்து அமிழும். மில்லிமீற்றரின் ஐந்நூற்றிலொரு பங்கான களித்துணிக்கையோ நிலைநீரில் ஒருநாள் முழுவதும் ஏறக்குறைய ஓரடியே இறங்கும். ஆகவே ஓரங்குல மணலும் ஓரங்குலக் களியும் தடிப்பில் ஒன்றாயினும் காலத்தில் ஒன்றாகா.

இனி, ஒரே படை எங்கணும் ஒரே காலத்ததுதானா என்னும் வினாவும் எழுந்தது. இதற்கு விடை தந்தவர் ஜேர்மன் அறிஞர் யொகானஸ் வால்தர். பண்டைப் பாறையை அறிய இன்றைய கடற்கரையை அறிதல் வேண்டும் எனக் கொண்டு அவர் பல நாடுகளுக்கும் சென்றார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட ஆதாமின் அணை பற்றியும் பாக்குநீரிணையின் முருகைக்கற்பார்கள் பற்றியும் அவர் 1891 இல் ஒரு நூல் வெளியிட்டமை வடபகுதி வாசகர்க்கு உவகை தரும் செய்தியாகும். 1893, 1894 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெருநூலில், ஒரே காலத்தில் அருகருகே படிபவையே இடையறவின்றி ஒன்றன்மேலொன்றாகவும் காணப்படும் என்னும் விதியை அவர் நிறுவினார். கரையோரத்தில் மணலும் ஆழத்திற் களியும் ஒரே நாளிற் படிகின்றன. கடல் நிலத்தின்மேல் ஏறிவரின் மணலின்மேற் களி படியும். அப்போது மணற்படை தொடர்ச்சியாகவே காணப்படும். ஆயினும் அதன் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் வயது வேறு. படம் பார்த்து ஒரே காலம் என்று கூறுதல் இனிச் செல்லாதாயிற்று.

அடுத்த அடி இடைவெளிகளைப் பற்றியது. புவிச்சரிதச் சான்று நிறைவற்றது என்பதை டார்வின் 1859 இலேயே ஓர் இயல் முழுவதிலும் எடுத்துக்காட்டியிருந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் பரல் 1917 இல் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார். படிவதற்கு இடம் உள்ளபோது மாத்திரமே அடையல் நிலைக்கும். இடம் நிரம்பியபின் வருவது கடந்து செல்லும். கடல் தாழ்ந்தால் படிந்ததும் அரிபடும். எனவே தொடர்ச்சியாகத் தோன்றும் பாறையிலும் எண்ணற்ற சிறு இடையறவுகள் மறைந்துள்ளன. கழிந்த காலத்திற் பெரும்பகுதி படைகளினுள் அன்று, படைகளுக்கு இடையேதான் உள்ளது என்பதே இதன் முடிவு. பிலிப்ஸின் கணக்கு ஏன் குறைந்தது என்பதற்கு இதுவே தலையாய விடை.

எஞ்சியது ஒரு புதிர். அல்ப்ஸ், அப்பெனைன் முதலிய மலைகளில் மணற்கல்லும் மாக்கல்லும் மாறிமாறி நூற்றுக்கணக்கான படைகளாகக் காணப்படுகின்றன. ஒவ்வொரு மணற்படையிலும் அடியிற் பருமணலும் மேலே செல்லச்செல்ல நுண்மணலும் உள்ளன. மணல் கரையோரத்துக்குரியது என்பது பொதுவிதி. மாக்கல்லிலுள்ள நுண்ணுயிர்ச்சுவடுகளோ ஆழ்கடலுக்குரியவை. கடலடி நூறுமுறை உயர்ந்து தாழ்ந்ததோ? இதனை விடுவிக்கும் திறவுகோல், கலங்கல் நீர் தெளிநீரினும் பாரமானது என்னும் எளிய உண்மையிலே கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போரெல் என்பார் ஜெனீவா ஏரியிற் புகும் றோன் ஆற்றின் குளிர்ந்த கலங்கல் நீர் அடியிற் பாய்ந்து செல்வதை எடுத்துக்காட்டினார். 1936 இல் டேலி இத்தகைய ஓட்டங்கள் கடலடியிலும் உண்டு எனக் கருதினார். ஒல்லாந்தரான குவெனன் தொட்டிகளில் அவற்றை உண்டாக்கிப் பார்த்தார். அவரும் இத்தாலியரான மிக்லியோரினியும் 1950 இல் ஒருங்கே எழுதிய கட்டுரை, கரையோர மணலே கலங்கலோட்டமாகச் சரிந்து ஆழ்கடலிற் படிந்தது என்றும், முதலிற் பருமணலும் பின்னர் நுண்மணலும் அமிழ்ந்தமையே அப்படைகளின் ஒழுங்கிற்குக் காரணம் என்றும் விளக்கியது.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சி தந்திருந்தது. 1929 நவம்பர் 18 இல் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நில நடுக்கம் ஒன்று நேர்ந்தது. அவ்விடத்தை அடுத்திருந்த கடலடித் தந்தி வடங்கள் உடனே அறுந்தன. ஆனால் சரிவின் கீழே, மேலும் மேலும் ஆழத்திற் கிடந்த வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேலும் அறுந்துகொண்டே சென்றன. ஒவ்வொன்றும் அறுந்த நேரம் தந்தி நிலையங்களிற் பதிவாகியிருந்தது. இருபதாண்டுகளுக்கு மேல் விளங்காதிருந்த அப்பதிவை 1952 இல் ஹீசனும் யூவிங்கும் எடுத்து ஆராய்ந்து, நடுக்கத்தாற் கிளம்பிய கலங்கலோட்டம் சரிவிற் பாய்ந்து வடங்களை அறுத்தது எனக் காட்டினர். 1962 இற் பௌமா, பிரான்சின் தென்கிழக்கு மலைகளை ஆராய்ந்து, இத்தகைய படையொன்றின் ஐந்து பகுதிகளையும் வரிசைப்படுத்தினார். மணற்பகுதி சில மணி நேரத்தில் அல்லது சில நாளிற் படிவது. அதன்மேலுள்ள மெல்லிய ஆழ்கடற்களியோ பன்னூறு ஆண்டுகளின் சேகரம்.

இப்போது சிக்கார் முனைக்கு மீளுதல் தகும். ஹற்றனும் நண்பரும் செங்குத்தாகக் கண்ட அக்கீழ்ப்பாறைகள் கலங்கலோட்டங்களாற் படிந்தவை என்பதே இன்றைய முடிபு. மூவரும் நெடுங்காலத்தின் விளைவென வியந்த தடித்த மணற்படை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நாட்பொழுதிற் படிந்திருக்கலாம். அவற்றின்மேல் ஓடும் தடிப்பற்ற கோடோ ஆறரைக் கோடி ஆண்டுகளைக் கொண்டது. ஹற்றன் கூறிய பெருமுடிவு உண்மையே, காலம் ஆழமானது. ஆனால் அக்காலம் கல்லினுள் அன்று, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒளித்திருந்தது.

இவ்வுண்மை இலங்கையர்க்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 இற் சுனாமி கரையோரங்களிற் புகுந்து மீண்டபின், பல இடங்களில் மணற்படையொன்று எஞ்சியது. அது சில நிமிட நேரத்தின் வேலை. பின்னர் ஆய்வாளர் அம்பாந்தோட்டையை அடுத்த கரகன் களப்பின் சேற்றைத் துளையிட்டு எடுத்தபோது, 2004 இன் மணலுக்குக் கீழே, பல ஆயிரம் ஆண்டுகளின் சேற்றிடையே பழைய சுனாமிகள் இட்ட மணற்படைகளையும் கண்டனர். அம்முடிபுகள் 2014 இல் வெளிவந்தன. எவ்வேட்டிலும் எழுதப்படாத பேரலைகளை அம்மணல் எழுதி வைத்திருந்தது. ஆங்கு மணற்படை நிமிடங்களையும், இடைப்பட்ட சேறு நூற்றாண்டுகளையும் குறிக்கும். இரண்டையும் ஒரே கோலால் அளப்பவன் கடந்த காலத்தைத் தவறாக அறிவதோடு, வருங்காலப் பேரலைக்கு எத்துணை ஆண்டு இடைவெளி உண்டு என்பதையும் தவறாகவே கணிப்பான். கரையோரத்து மக்களின் உயிர் இக்கணக்கோடு தொடர்புடையது.

மனித வரலாற்றை ஆராய்வோரும் இதிலிருந்து பெறக்கூடிய பாடம் சிறிதன்று. ஒரு நாட் போருக்கு நீண்ட கல்வெட்டு இருக்கும். நூறாண்டு நல்வாழ்வுக்கு ஒரு வரியும் இராது. சான்று மிகுந்த காலத்தைப் பெரிய காலம் என்றும், சான்று குறைந்த காலத்தை ஒன்றும் நிகழாத காலம் என்றும் எழுதுதல் பிலிப்ஸின் பெருக்கலை ஒத்தது. சான்று எவ்வளவு உளது என்று கேட்குமுன், அச்சான்று எவ்வாறு உண்டாயிற்று, எவ்வளவு நேரத்தில் உண்டாயிற்று, எது உண்டாகாமலும் அழிந்தும் போயிற்று என்று கேட்டல் வேண்டும். ஸ்ரெனோ முதற் பௌமா வரையுள்ள அறிஞர் முந்நூறு ஆண்டுகளிற் கற்று நமக்கு விட்டுச்சென்ற முறை இதுவே.